மின்சாரம் நின்றாலும் பிடி நழுவாது

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி இரவு, வங்கக் கடலில் சில நாட்களாகத் திரண்டு நகர்ந்து வந்த மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியபோது, கோவளம் முதல் கல்பாக்கம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரைக்கும், அதற்கு மேற்கே செங்கல்பட்டு வரை விரிந்த ஏரிப் பிரதேசத்துக்கும் அது புதிய அனுபவமாக இருக்கவில்லை. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் மரம் முறிவதும், கம்பி அறுவதும், காற்று வலுக்கும் முன்பே மின்சார வாரியத்தார் முன்ஜாக்கிரதையாக இணைப்பைத் துண்டிப்பதும், ஊர் முழுவதும் ஒரு கணத்தில் இருளில் ஆழ்ந்துபோவதும் இந்தப் பக்கத்து ஜனங்கள் இரண்டு மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பழகிய காரியங்கள்தாம். ஆயினும் அந்தத் தலைமுறைகள் தரையில் வாழ்ந்தன. பனையையும் சவுக்கையும் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தையும் தவிர உயரம் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லாதிருந்த இந்தச் சீமையில், இன்று நாவலூரிலும் சிறுசேரியிலும் கேளம்பாக்கத்திலும் தையூரிலும், ரயில் பாதையை ஒட்டி ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும், பல மாடிகள் கொண்ட குடியிருப்புகள் வரிசை வரிசையாய் எழும்பிவிட்டன. அவற்றில் வாழும் முதியவர்களும், கர்ப்பிணிகளும், முழங்கால் வலியால் படியேற இயலாதவர்களும், பால் வாங்குவதற்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் முற்றிலும் நம்பியிருப்பது லிஃப்ட் என்னும் ஒரே யந்திரத்தைத்தான்.

அந்த யந்திரத்தினுள் ஏறி, ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிட்டால் மனிதன் மனம் என்ன பாடுபடும் என்பதை, ஒரு முறையேனும் அகப்பட்டவர்கள் அறிவார்கள். விளக்கு அணைகிறது, விசிறி ஓய்கிறது, காலடியில் ஒரு குலுங்கல், அதன்பின் நிசப்தம். தொங்கிக்கொண்டிருக்கும் கயிறு இனி தாங்குமா, அடுத்த கணம் அதலபாதாளத்தில் விழுந்து மடியப்போகிறோமா என்று நெஞ்சு படபடக்கிறது. மேலே தூக்கிச் சென்ற சக்தி மின்சாரம்தான் என்றால், அது போய்விட்ட பிறகு நம்மைப் பிடித்திருப்பது எது என்ற அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையைத் தெளிவாகச் சொல்லி வைத்தால், ஆண்டுதோறும் பல உயிர்களுக்கு நேரும் அபாயத்தைத் தவிர்க்கலாம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

விடை இதுதான். லிஃப்டை நிறுத்திப் பிடித்திருக்கும் வேலையை மின்சாரம் ஒருபோதும் செய்வதில்லை. மோட்டாரின் அச்சில் ஓர் உருளை இருக்கிறது. அதன் இரு பக்கமும் இரண்டு பிரேக் கட்டைகள் உண்டு. அவற்றை உருளையின் மீது சதா அழுத்திக்கொண்டிருப்பவை எஃகினாலான கனத்த சுருள்வில்கள். லிஃப்ட் புறப்பட வேண்டுமானால் மின்காந்தத்தில் மின்சாரம் பாய்ந்து, அந்த வில்களின் அழுத்தத்தை எதிர்த்து, கட்டைகளை விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஓடும் நேரமெல்லாம் மின்சாரம் செய்யும் பணி பிடியைத் தளர்த்தி வைப்பது. அது நின்ற மாத்திரத்தில், எவருடைய உத்தரவையும் எதிர்பாராமல், வில்கள் தம் சுபாவப்படி உருளையைக் கவ்விக்கொள்கின்றன. உள்ளே இருப்பவர் உணரும் அந்தக் குலுங்கல் விழப்போவதன் அறிகுறி என்று அவர் நினைக்கிறார். உண்மையில் அது பிரேக் இறுகிய அதிர்ச்சி.

இதே தத்துவத்தின் மகத்தான உதாரணம் ஒன்று இந்தக் கரையிலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலையை அமைத்திருக்கிறார்கள். அணுப்பிளவை அடக்கும் தண்டுகள் அதில் மின்காந்தத்தின் பிடியில் மேலே நிறுத்தி வைக்கப்படுகின்றன. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் காந்தம் தன் பிடியை விடுகிறது. தண்டுகள் தம் பாரத்தினாலேயே உலைக்குள் இறங்கி அதை அடக்கிவிடுகின்றன. எந்தச் சக்தி தவறிவிடுமோ என்று அஞ்சுகிறோமோ, அந்தச் சக்தி தவறியதையே பாதுகாப்பின் ஆரம்பமாக அமைத்துவிடுவது பொறியியலின் ஆழ்ந்த விவேகங்களில் ஒன்று. அணு உலையைக் கட்டியவர்களும் அடுக்குமாடியின் லிஃப்டைக் கட்டியவர்களும் ஒரே விவேகத்தைத்தான் கையாண்டிருக்கிறார்கள்.

சரி, கயிறே அறுந்துவிட்டால்? இந்தக் கேள்வியைக் கேட்டு விடை கண்டவர் அமெரிக்கரான எலிஷா கிரேவ்ஸ் ஓடிஸ். 1854இல் நியூயார்க் நகரத்துக் கண்ணாடி மாளிகைப் பொருட்காட்சியில், உயரத் தூக்கி நிறுத்தப்பட்ட மேடையில் தாமே நின்றுகொண்டு, தம்மைத் தாங்கியிருந்த கயிற்றை வெட்டிவிடும்படி அவர் உத்தரவிட்டார். கூடியிருந்தோர் கலங்கினர், கயிறு அறுந்தது, மேடை சிறிதே இறங்கி, பக்கத்துச் சட்டங்களிலிருந்த பற்களில் கொக்கி மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அன்று முதல்தான் மனிதர்கள் உயரத்தில் வாழத் துணிந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. 1857இல் நியூயார்க்கின் ஒரு வியாபார மாளிகையில் பிரயாணிகளுக்கான முதல் லிஃப்ட் ஓடியது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1959இல் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டபோது தமிழ்நாட்டார் அண்ணாந்து பார்த்து அதிசயித்த உயரமும் அந்தக் கொக்கியின் வம்சத்தில் வந்ததே.

இன்றைய லிஃப்டுகளில் அந்தக் கொக்கியின் ஸ்தானத்தில் கவர்னர் என்னும் சாதனமும், கேபினுக்கு அடியில் பொருத்திய ஆப்புப் போன்ற பிடிகளும் இருக்கின்றன. கேபின் தனக்கு விதித்த வேகத்தைவிடக் குறைந்தது நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிஞ்சி ஓடும் நிலையில், கவர்னர் தன் தனிக் கயிற்றை இறுகப் பற்றி இழுக்க, ஆப்புகள் இரு பக்கத்து வழித்தண்டவாளங்களையும் கவ்விக் கேபினை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இதற்கும் மின்சாரம் தேவையில்லை. கயிறுகளோ, பெரும்பாலும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவை. ஏற்ற வேண்டிய பாரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தாங்கும் வலுவுடையவையாக அவற்றைத் தேர்ந்தெடுப்பது விதி. 1945 ஜூலை 28ஆம் தேதி மூடுபனியில் வழிதவறிய அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மோதியபோது, கயிறுகள் அறுந்து, கவர்னரின் கயிறும் கூடவே துண்டிக்கப்பட்டு, பெட்டி லூ ஆலிவர் என்ற லிஃப்ட் இயக்கும் பெண்மணி எழுபத்தைந்து மாடி உயரத்திலிருந்து கேபினோடு விழுந்தார். எலும்புகள் முறிந்தும் அவர் பிழைத்துக்கொண்டார். கயிறு அறுந்து விழுந்த கதை என்று உலகம் முழுவதும் இன்றளவும் எடுத்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான். அதற்கும் ஒரு போர் விமானம் வேண்டியிருந்தது.

மறைமலை நகரை அடுத்த ஒரு குடியிருப்பில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக நடக்கும் சோதனையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மொட்டை மாடியின் மேல் உள்ள இயந்திர அறையில் எண்ணெய் வாசனையும் உஷ்ணமும் நிறைந்திருந்தன. கேபினை இரண்டு தளங்களுக்கு நடுவே நிறுத்தி, அதனுள் தம் சகா ஒருவரை இருத்திவிட்டு, மெக்கானிக் முதற்காரியமாக மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினார். எதிர்பாராமல் மின்சாரம் திரும்பி வந்து இயந்திரம் தானே சுழன்றுவிடாமலிருக்கவே இந்த ஜாக்கிரதை. பிறகு இன்டர்காமில், "கதவுப் பக்கம் வராதீங்க, உள்ளே தள்ளி நில்லுங்க" என்று இரண்டு முறை சொல்லி, எல்லாத் தளத்துக் கதவுகளும் மூடியிருக்கின்றனவா என்று காவலாளியிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். அதற்குப் பின்னரே உதவியாள் பிரேக்கின் நெம்புகோலை மெல்ல அழுத்த, மெக்கானிக் இரும்புச் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். சக்கரத்தைச் சுழற்ற அவர் பெருமுயற்சி எடுக்கவேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்த எனக்கு, அது தானாகவே திரும்ப முயல்வதும், அவர் அதை அடக்கி அடக்கி விடுவதும் வியப்பை அளித்தன. "உள்ளே ஒரே ஆள்தானே சார், கேபின் மேலேதான் போகும். பாரமெல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கு" என்றார் அவர், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்தச் சொல்லில் லிஃப்டின் ரகசியம் பாதி அடங்கியிருக்கிறது. கயிற்றின் ஒரு முனையில் கேபின் தொங்குகிறது. மறுமுனையில், கேபினின் எடையோடு அது சுமக்க வேண்டிய பாரத்தில் ஏறக்குறையப் பாதியையும் கூட்டிச் செய்த எதிர்ப்பாரம் தொங்குகிறது. எட்டுப் பேருக்கு என்று எழுதிய கேபின், ஆளுக்கு 68 கிலோ வீதம் 544 கிலோ தாங்கும். அதற்குள் ஒருவர் மட்டும் நின்றால் எதிர்ப்பாரமே இருநூறு கிலோ அளவுக்கு மிஞ்சி நிற்கும். பிரேக் தளர்ந்தாலும் கேபின் கீழே பாயாமல் மேலே நகரத் தொடங்குவது இதனால்தான். கயிற்றின் மீது தளத்துக்கு ஒன்றாக மஞ்சள் வர்ணத்தில் கோடுகள் தீட்டியிருந்தன. அவற்றில் ஒன்று இயந்திரத்தின் சட்டத்திலிருந்த குறியோடு நேராக வந்து நின்றதும் பிரேக்கின் நெம்புகோலை விட்டார்கள். கேபின் ஒரு தளத்துக்குச் சரிமட்டமாக நின்றிருந்தது. தனியாக இயந்திர அறையே இல்லாத இக்காலத்து லிஃப்டுகளில் இதே வேலையைத் தளத்துக் கதவருகே உள்ள பெட்டியிலிருந்து செய்கிறார்கள்.

இப்போது பெரும்பாலான குடியிருப்புகளில் இவ்வளவு சிரமத்துக்கும் இடமின்றி ஏ.ஆர்.டி. என்று எல்லோரும் சொல்லும் தானியங்கி மீட்புச் சாதனத்தைப் பொருத்தி வைக்கிறார்கள். மின்சாரம் நின்றதை அது அறிந்து, சில விநாடிகள் பொறுத்திருந்து, ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை என்று கண்டால், தன் பேட்டரியின் சக்தியால் பிரேக்கை விலக்கி, எந்தப் பக்கம் பாரம் சுலபமாக இழுக்கிறதோ அந்தப் பக்கமாகவே கேபினை மெதுவாக நகர்த்தி, அருகிலுள்ள தளத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிடும். ஐந்தாவது மாடிக்குப் போக வேண்டியவர் ஆறாவது மாடியில் இறக்கிவிடப்பட்டால் குழம்ப வேண்டியதில்லை. அந்த வேளையில் அதுவே சுலபமான வழி. ஆனால் அந்தப் பேட்டரிக்கு ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும்; தளர்ந்த பேட்டரி வெளிப்பார்வைக்கு நல்ல பேட்டரியைப் போலவே இருக்கும். வர்ணம் பூசவும், வாயிலில் நீரூற்று வைக்கவும் லட்சக்கணக்கில் செலவிடத் தயங்காத அசோசியேஷன்கள், சில ஆயிரம் ரூபாய் பெறும் பேட்டரியை மாற்றுவதை அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்திப்போடுவதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாயிருக்கிறது.

மின்தடையின்போது உயிருக்கு உலை வைப்பது எது என்று கேட்டால், நின்றுபோன லிஃப்டை விட்டு அவசரப்பட்டு வெளியேறும் முயற்சியே என்று தயங்காமல் சொல்வேன். லிஃப்டின் கதவுகள் தளமட்டத்தை ஒட்டிய சிறு எல்லைக்குள் கேபின் நிற்கும்போது மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை. அந்தப் பூட்டை உள்ளே இருப்பவர் பலத்தால் நெம்பியோ, வெளியே இருப்பவர் பரோபகார சிந்தையால் கம்பி கொண்டு விலக்கியோ திறந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேபினின் தரை தளத்துக்கு மேலே ஓர் ஆள் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. அகப்பட்டவர் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, வெளியே குதிக்கிறார். அவருக்கு முன்னால் தளம் தெரிகிறது. அவருடைய கால்களுக்குப் பின்னால், கேபினின் அடிப்புறத்துக்குக் கீழே, பல மாடி ஆழத்துக்கு வாய் பிளந்து கிடக்கும் குழியோ அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. குதித்த வேகத்தில் உடல் பின்னோக்கிச் சாய்ந்தால் போதும். இந்த அபாயத்தைக் குறைக்கத்தான் கேபினின் வாசற்படிக்குக் கீழே ஒரு தகட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தகடு முக்கால் மீட்டர் அளவே மறைக்கும். அதற்கும் கீழே வெற்றிடம்தான். கேபினுக்குள் நின்றவர் எந்த ஆபத்திலிருந்து தப்பினாரோ, அதே ஆபத்துக்குள் கதவைத் திறந்தவர்களே அவரை இறக்கிவிடுகிறார்கள்.

மூச்சு முட்டிவிடும் என்ற பயமும் பலரை அவசரப்படுத்துகிறது. கேபின் காற்றுப் புகாத பெட்டி அன்று. மேலும் கீழும் காற்று வந்துபோக இடைவெளிகள் விட்டே அதைச் செய்கிறார்கள். ஆயினும் சித்திரை வைகாசியில் நம் பக்கத்து வெயிலில் விசிறி நின்ற கேபினுக்குள் வியர்த்து விறுவிறுத்துப் போவது மெய். வயோதிகரும் குழந்தைகளும் உள்ளே இருந்தால் அவர்களைத் தரையில் அமரச் செய்து, மணியை அழுத்தி, இன்டர்காமில் தளத்தின் எண்ணையும் ஆட்களின் கணக்கையும் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே உத்தமம். மறுமுனையில் எடுப்பவர் வேலைக்கென்று தொலைதூர மாநிலத்திலிருந்து வந்த காவலாளியாக இருக்கலாம். தமிழில் பதற்றத்தோடு சொல்வது அவருக்கு விளங்காமல் போகலாம். ஆகையால் லிஃப்ட் நின்றால் யாரை அழைப்பது, எதைத் தொடக்கூடாது என்பதை அவருடைய பாஷையிலேயே எழுதி அவருடைய மேஜையில் ஒட்டி வைப்பது எந்த யந்திரத்துக்கும் ஈடான பாதுகாப்பு.

பெரிய மின்தடைகளின் சரித்திரம் நமக்குப் புதிதன்று. 2003 ஆகஸ்ட் 14ஆம் தேதி வடகிழக்கு அமெரிக்காவில் மின்வலை சரிந்தபோது நியூயார்க்கில் எத்தனையோ பேர் லிஃப்டுகளில் அகப்பட்டுக் காத்துக்கிடந்தனர். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவும் கிழக்கும் இருண்டு, ஏறக்குறைய 62 கோடி ஜனங்கள் மின்சாரமின்றித் தவித்தனர். அப்போது தென்னக மின்வலை தேசிய வலையோடு ஒத்திசைந்து இணைக்கப்படாதிருந்ததால் நமக்கு அந்தக் கஷ்டம் நேரவில்லை. ஆனால் அதே ஆண்டில் தமிழ்நாட்டின் சொந்த மின்வெட்டே மாவட்டங்களை நாள்தோறும் பல மணி நேரம் வாட்டியது. ஜெனரேட்டர் என்பது ஆடம்பரம் என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் மறைந்தது அந்தக் காலத்தில்தான்.

கடலோரத்துக்கு என்றே சில விசேஷ உபத்திரவங்களும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கட்டடங்களில் உப்புக் காற்று தாமிரத் தொடுமுனைகளில் பச்சைப் பூச்சாகப் படிகிறது. கவர்னரின் நுண்ணிய பாகங்களில் துருவேறினால், ஆண்டுக்கணக்கில் அசையாமலிருந்த அந்தச் சாதனம் அவசியமான கணத்தில் அசைய மறுக்கக்கூடும். கரைக்குப் போய்வந்தவர்களின் செருப்போடு வரும் மணல் கதவு ஓடும் பள்ளத்தில் சேர்ந்து, கதவை முழுதும் மூடவிடாமல் தடுக்கும். கதவு மூடினாலன்றி லிஃப்ட் நகராது. ஏ.ஆர்.டி. அருமையாக வேலை செய்து கேபினைத் தளத்துக்குக் கொண்டுவந்தும், மணலினால் கதவு பாதியில் சிக்கிக்கொண்டால் அதன் பயன் என்ன? காலையில் பெருக்குகிறவர் ஒரு சிறு தூரிகையால் அந்தப் பள்ளத்தையும் துடைத்துவிட்டுப் போனால் தீரும் காரியம் இது.

வெள்ளம் அதைவிடப் பெரிய விஷயம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்ததைக் கண்டவர்களுக்கு, லிஃப்டின் அடிக்குழியில் தண்ணீர் புகுவது எவ்வளவு சுலபம் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழியில் கேபினைத் தாங்கும் மோதல் தாங்கிகளும், கவர்னர் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் பாரமும், மின்சுவிட்சுகளும் இருக்கின்றன. கனமழை எச்சரிக்கை வந்தவுடன் கேபினை இரண்டாம் மாடிக்கோ மூன்றாம் மாடிக்கோ கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே எவரும் இல்லை என்று பார்த்து, மெயினை இறக்கிவிட வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகும் மெக்கானிக் இறங்கிப் பார்த்துச் சொல்லாமல் மறுபடி ஏற்றக்கூடாது. ஜெனரேட்டரையும் மின்பலகையையும் நிலவறையில் வைத்துவிட்டு வெள்ளத்துக்கும் மின்தடைக்கும் தயாராயிருப்பதாக எண்ணும் கட்டடக்காரர்களுக்கு என்ன சொல்வது! அவை இரண்டும் ஒரே இரவில்தானே வருகின்றன.

தீ விபத்தில் மாத்திரம் மேற்சொன்ன காத்திருக்கும் உபதேசம் செல்லாது. தீயின்போது லிஃப்டில் ஏறவே கூடாது. 1975இல் எல்.ஐ.சி. கட்டடம் தீப்பற்றிய காட்சியைச் சென்னைவாசிகள் வெகுகாலம் மறக்கவில்லை. தீயணைப்பு வீரர்களுக்கென்று தனி லிஃப்ட் ஒன்று, மாற்று மின்சாரத்தோடு, தரையிலிருந்து உச்சிக்கு ஒரு நிமிஷத்துக்குள் போகத்தக்கதாக உயர்ந்த கட்டடங்களில் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. குடித்தனக்காரர்களின் சாமான் ஏற்றும் லிஃப்டாக அதையே பாழ்படுத்தி வைத்திருக்கும் இடங்கள் உண்டு.

சட்டம் இல்லாமலில்லை. பம்பாய் மாகாணம் 1939இலேயே லிஃப்டுகளுக்கென்று சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டம் 1997இல் வந்தது. லிஃப்டை அமைப்பதற்கு அனுமதியும், ஓட்டுவதற்கு உரிமமும் மின் ஆய்வுத்துறையிடம் பெற வேண்டும். ஆனால் ஆய்வாளர் ஆண்டெல்லாம் வந்து காவல் இருக்க முடியாது. உரிமத்தின் நகல் கேபினில் மாட்டப்பட்டிருக்கிறதா, அதன் தேதி கடந்துவிட்டதா என்று ஏறி இறங்கும் குடித்தனக்காரர் எவரும் பார்க்கலாம், கேட்கலாம்.

அசோசியேஷன் செயலாளர்களிடம் நான் விரும்பிக் கேட்பது ஒரு சிறு காரியம். மாதத்தில் ஒரு நாள், மக்கள் நடமாட்டம் குறைந்த பிற்பகலில், மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத கேபினை இரண்டு தளங்களுக்கு நடுவே போகவிட்டு, லிஃப்டின் மெயினை இறக்கிப் பாருங்கள். விளக்கு எரிகிறதா, மணி ஒலிக்கிறதா, இன்டர்காமில் குரல் கேட்கிறதா, ஏ.ஆர்.டி. எத்தனை விநாடியில் விழித்துக்கொண்டு எந்தத் தளத்தில் கதவைத் திறக்கிறது என்று நின்று பார்த்து, ஒரு பதிவேட்டில் தேதியோடு எழுதிக் கையொப்பமிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் அந்தப் பதிவேட்டில் சில பக்கங்களாவது நிறைந்திருக்கட்டும்.